சாம்பியனின் இடது கால்

புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம் என்றால் ஜனங்களுக்கு ஒரு இளக்காரம். "அதெல்லாம் ஒரு விளையாட்டா? ரிட்டயர் ஆனவங்க பொழுது போகாம குனிஞ்சு நிமிர்றது" என்பார்கள். அப்படிச் சொல்கிற வாயை ஒருநாள் கூட்டிவந்து, முப்பது மீட்டர் தள்ளி ஒரு சின்ன வெள்ளைப் பந்தை வைத்து, கையில் ஒன்றரைக் கிலோ பந்தைத் திணித்து, "இதைக் கொண்டுபோய் அதுகிட்ட நிறுத்துங்க பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும். அப்போது தெரியும் சேதி. அந்தப் பெரிய பந்து நேரே போகாது. வளைந்து ஓடும்படியாகவே அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் விட்டால்தான் நடுவுக்கு வந்து சேரும். யாருடைய பந்து வெள்ளைப் பந்துக்குக் கிட்டே படுக்கிறதோ அவருக்குப் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம். அந்த 'அவ்வளவுதான்' ஆட்டத்தில் நாலு தடவை தேசியக் கோப்பை வாங்கியவள் நம் கதைக்காரி.

ஊரில் அவளுக்குப் பெயரே சாம்பியன்தான். கடைக்காரர், தபால் ஆபீஸ், பக்கத்து வீடு எல்லோருக்கும் சாம்பியன். கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் கொஞ்சம் நீட்டி. பாத்திரம் கழுவுகிற முறை அவளுடையதாக இருக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் நீட்டி. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் முப்பது வருஷமாக வாத்தியார். ஆயிரம் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பெண்டாட்டிக்கு மட்டும் கற்றுக்கொடுக்க முடியவில்லை. "சொல்றதைக் கேக்கிறவங்களுக்குத்தான் சொல்லிக்கொடுக்க முடியும்" என்பார். "சொல்லத் தெரிஞ்சவங்க சொன்னாத்தான் கேக்க முடியும்" என்பாள் இவள்.

ஐம்பத்திரண்டு வயதில், நாலாவது கோப்பையை வாங்கிய கையோடு சாம்பியன் மைக்கைப் பிடித்தாள். "உச்சத்துல இருக்கும்போதே விலகிடணும். அதான் மரியாதை" என்றாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஆஹா, எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை! உண்மை என்னவென்றால் அவளுடைய இடது முட்டி தேய்ந்து போயிருந்தது. எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் ஆறு மாதம் முன்பே சொல்லிவிட்டார். பந்தை விடும்போது இடது காலை முன்னால் எடுத்து வைத்து மடக்க வேண்டும். கடைசி இரண்டு வருஷம் அவளால் அது முடியவில்லை. காலைப் புல்லில் தேய்த்து இழுத்து, இடுப்பை வலப்பக்கம் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு பந்தை விட்டாள். அதைப் பார்த்த ஒரு பத்திரிகை நிருபர் 'சாம்பியனின் இழுவை நடை: ஒரு நளினம்' என்று அரைப் பக்கம் எழுதிவிட்டார். சாம்பியன் அதைச் சட்டம் போட்டு டி.வி.க்கு மேலே மாட்டினாள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத கதை என்றால் இதுதான்.

ஏன் மறைத்தாள் என்று கேட்டால், அவளுக்கு அடி தாங்கும், இரக்கம் தாங்காது. இருபது வருஷம் ஊரையே ஜெயித்தவளைப் பார்த்து "ஐயோ பாவம், கால் போச்சாமே" என்று எவளாவது உச்சுக்கொட்டினால் அன்றைக்கே உயிர் போய்விடும் என்று நினைத்தாள். ஆபரேஷன் செய்தால் ஊருக்குத் தெரியும். அதனால் செய்துகொள்ளவில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள் கணவர். அவரும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

இப்படிப்பட்டவளைத்தான் ஆட்டச் சங்கம் கோச்சாகப் போட்டது. சங்கத் தலைவர் தரைக்கு ஓடு விற்கும் பெரிய வியாபாரி. ஆயுளில் ஒரு பந்தையும் உருட்டியதில்லை, அதனால் ஆட்டத்தைப் பற்றிக் கருத்துகள் ஏராளம். "ஒரு வருஷம் பாருங்க. பெண்கள் நால்வர் அணி வட்டாரக் கோப்பையை வாங்கினா வேலை நிரந்தரம். இல்லேன்னா 'டேப்'புக்குக் கொடுத்துடுவோம்" என்றார். டேப் என்பது சாம்பியனின் பழைய எதிராளி. பந்து இரண்டும் கண்ணுக்கெதிரே முழ தூரம் தள்ளிக் கிடந்தாலும் "டேப் எடுங்க, அளந்து பாக்கணும்" என்று கத்துவாள். அதனால் அந்தப் பெயர். இரண்டு முறை இறுதி ஆட்டத்தில் சாம்பியனிடம் தோற்றவள், இப்போது அடுத்த கிளப் அணிக்குக் கோச்.

சாம்பியனுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆட முடியாதவள், கோச்சும் இல்லாதவள், புல்தரைக்கு எதற்கு வருவாள்? வேலிக்கு வெளியே பெஞ்சில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கிற கூட்டத்தில் சேர வேண்டியதுதான்.

அணியில் நாலு பேர். பல் டாக்டர், தபால்காரம்மா, தையல்காரி, நாலாவதாகச் சாம்பியனின் சொந்த நாத்தனார். நாத்தனாரைச் சேர்த்தது பாசத்தினால் என்று நினைத்துவிடாதீர்கள். கை அப்படிப்பட்ட கை. வாய் அதைவிட.

சாம்பியனின் பயிற்சி முறை ரொம்பச் சுலபம். பந்து விடுமிடத்தில் விரித்த சின்ன விரிப்பின் மேல் நிற்பாள். "பாருங்க" என்பாள். காலை இழுப்பாள், சாய்வாள், விடுவாள். பந்து போய் வெள்ளைப் பந்தை உரசிக்கொண்டு நிற்கும். "இப்படி" என்பாள். வகுப்பு முடிந்தது.

"எப்படி மேடம்?" என்று முதல் நாள் பல் டாக்டர் கேட்டாள்.

"இப்படித்தான். கண்ணு எதுக்கு இருக்கு? என்னைப் பாருங்க, அதே மாதிரி செய்யுங்க."

"இல்ல, எவ்வளவு வேகம், எங்க குறி..."

"கேள்வி கேட்டா ஆட்டம் வராது. மறுபடி."

இந்த 'மறுபடி'தான் அவளுடைய முழுப் பாடத்திட்டமும். முதல் வாரம் நாலு பேரும் போட்டதெல்லாம் மறுபடி. பந்து நன்றாக நின்றாலும் மறுபடி. இரண்டாவது வாரத்தில் ஏதோ ஒருநாள் "அப்படித்தான்! இப்பதான் பிடிச்சீங்க!" என்று சாம்பியன் துள்ளினாள். அன்றிலிருந்து நாலு பேரும் அவளை உரித்து வைத்ததுபோல ஆடினார்கள். அதே சாய்வு. அதே இழுவை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு பொய்யை வருஷக்கணக்கில் சட்டம் போட்டு மாட்டி வைத்தால் மாட்டியவளுக்கே அது நிஜமாகிவிடும் போலிருக்கிறது. இழுவையில் வலி எவ்வளவு, வித்தை எவ்வளவு என்று அவளுக்கே மறந்து போயிருந்தது.

வெயில் காலம். தரை காய்ந்து, பந்து தொட்டால் ஓடியது. கையில் சரக்கு உள்ளவர்கள் எந்தக் காலை இழுத்தாலும் ஜெயிக்கத்தான் செய்வார்கள். அணி வரிசையாக ஒன்பது ஆட்டம் ஜெயித்தது. சங்கத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "இதை நாம முறைப்படுத்தணும்! எல்லாக் கிளப்புக்கும் ஒரு கையேடு! இழுவை நடை, படங்களுடன்!" போட்டோக்காரர் வந்து சாம்பியனின் இடது காலை மட்டும் அறுபது படம் எடுத்துக்கொண்டு போனார். முகத்தை ஒன்று எடுத்தார்.

அரையிறுதி அன்று சாம்பியனைக் காரில் கொண்டுவந்து விட்ட கணவர், திரும்பிப் போகாமல் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார். அந்த வருஷத்தில் அவர் ஆட்டம் பார்த்தது அதுதான் முதல் தடவை. தங்கச்சி வந்தாள், காலை இழுத்தாள். தபால்காரம்மா வந்தாள், இழுத்தாள். தையல்காரி இழுத்தாள். பல் டாக்டரும் இழுத்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கார் பக்கம் ஓடிவிட்டார்.

ஜெயித்துவிட்டுச் சாம்பியன் வந்து காரில் ஏறியதும், "சாம்பியன், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார்.

"அப்ப சொல்லாதீங்க."

"என்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவங்க அத்தனை பேரும் ரிவர்ஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு விடுவாங்க. ஏன்னு ரொம்ப நாள் புரியல. அப்புறம் பார்த்தா, நான் விடுறேன். ரிவர்ஸ்னாலே எனக்கு பயம். அந்தப் பயத்தையும் சேர்த்து ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"நீ நாலு பேருக்கு நொண்டச் சொல்லிக்கொடுத்திருக்கே."

வீடு வரும்வரை சாம்பியன் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பேசினாள். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல், பொறாமை, உங்க வம்சத்துக்கே அடுத்தவங்க நல்லா இருந்தா பொறுக்காது என்று வரிசையாக வந்தது. "பத்து ஆட்டம் ஜெயிச்சது நொண்டியா?" என்று கடைசியில் கத்தினாள். அவர் பாத்திரம் கழுவப் போனார். அன்று அவர் முறைகூட இல்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று, இடது காலை இழுக்காமல் ஒரே ஒரு அடி எடுத்து வைத்துப் பார்த்தாள். பாதி அடியில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டாள்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கையேடு போகும், நிரந்தர வேலை போகும், 'உச்சத்தில் விலகியவள்' என்ற பெயர் போகும். திறக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தானே.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின மூன்று நாளும் மழை. புல் நனைந்து கனத்துக் கிடந்தது. அந்தத் தரையில் பந்தை முப்பது மீட்டர் கொண்டுபோக வேண்டுமானால் நன்றாகக் காலை வீசி அடி வைத்து, உடம்பு பூராவையும் பந்தின் பின்னால் கொடுக்க வேண்டும். நம்மவர்கள் ஈரப் புல்லில் காலை இழுத்தார்கள். கால் போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டது. பந்து பாதி வழியில் படுத்தது. எதிரே டேப்பின் அணி, சாதாரண மனுஷிகள் நடக்கிற மாதிரி நடந்து வந்து, பந்தை வெள்ளைப் பந்தோடு கொண்டுபோய் ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. எட்டுச் சுற்று முடிந்தபோது ஐந்துக்குப் பதினொன்று.

பத்து நிமிஷம் இடைவேளை. உடைமாற்றும் அறையில் நாலு பேரும் ஈரச் சாக்ஸோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரி துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எல்லாமே குட்டையா விழுது மேடம்" என்றாள் பல் டாக்டர். "இன்னும் கையை வீசவா?"

சாம்பியன் கதவைச் சாத்தினாள். கதவில் சாய்ந்து நின்றாள். சொல்லாமல் விட்டால் தோற்போம், சொன்னால் நான் தோற்பேன் என்று ஒரு கணம் கணக்குப் போட்டாள். பெஞ்சில் இருந்த நாலு ஜோடிக் கால்களையும் பார்த்தாள். நாலு இடது ஷூவிலும் கட்டைவிரல் பக்கம் தேய்ந்து நூல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"காலை இழுக்காதீங்க" என்றாள்.

தையல்காரி துண்டைக் கீழே வைத்தாள்.

"அது ஸ்டைலும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்கு முட்டி போயிடுச்சு. ஆட்டத்தை விட்டதும் அதனாலதான். உச்சமாவது மிச்சமாவது! நான் நொண்டுறேன். நொண்டுறதைத்தான் ஒரு வருஷமா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். போதுமா? இப்ப சிரிங்க."

சிரிக்கவில்லை. நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணி, பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? உங்களுக்கு முட்டி போனது எங்களுக்குத் தெரியாதா?"

"என்னது?"

"முதல் வாரமே தெரியும் மேடம்" என்றாள் பல் டாக்டர். "நீங்க படி இறங்குறதைப் பார்த்தாலே தெரியுமே."

"அப்புறம் ஏண்டி இழுத்தீங்க?"

தபால்காரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நாங்க ஒழுங்கா நடந்து போட்டா 'மறுபடி'ன்னீங்க அக்கா. பந்து போய் ஒட்டிக்கிட்டு நின்னாலும் 'மறுபடி'. ஒருநாள் உங்க நாத்தனார் விளையாட்டுக்கு உங்களை மாதிரி இழுத்துக் காட்டினா. நீங்க 'அப்படித்தான்'னு துள்ளினீங்க. அன்னைக்குத்தான் முதல் தடவையா உங்க முகத்துல சிரிப்பைப் பார்த்தோம். சரி, போகட்டும்னு எல்லாரும் இழுக்க ஆரம்பிச்சுட்டோம்."

சாம்பியனுக்கு அழுகை வந்தது. நாலு கோப்பை வாங்கியபோது வராத அழுகை. இரக்கம் வந்தால் உயிர் போய்விடும் என்று நினைத்தாளே, ஒரு வருஷமாக அந்த இரக்கத்திலேயேதான் குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, முட்டியிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

"சரி அண்ணி, அழுறதுக்கு இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு" என்றாள் நாத்தனார். "நேரா எப்படிப் போடறதுன்னு காட்டுங்க. ஒரு வருஷம் இழுத்து இழுத்து எங்களுக்கே மறந்துடுச்சு."

"காட்ட முடியாதுடி. அதான் சொல்றேனே, முடியாதுன்னு."

"அப்ப சொல்லுங்க."

சாம்பியன் வாழ்க்கையில் செய்யாத காரியம் அது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தபால்காரம்மாவைப் பார்த்தாள். "நீ ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுப் படி ஏறுவ?"

"இருநூறு இருக்கும்."

"முதல் படியில எப்படிக் கால் வைப்பியோ அப்படி வை. அவ்வளவுதான். டாக்டரம்மா, பல்லு புடுங்கும்போது எந்தக் கால் முன்னாடி?"

"இடது."

"இழுத்துக்கிட்டா போவீங்க?"

"இழுத்துக்கிட்டுப் போனா பேஷன்ட் எழுந்து ஓடிடுவாரு மேடம்."

"அப்ப புடுங்கப் போற மாதிரி போங்க. நீ, தையல் மெஷினை மிதிக்கிற வேகம் தெரியுமில்ல, அந்த வேகத்துல முட்டியை மடக்கு." நாத்தனாரிடம் திரும்பினாள். "உனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. என்னோட சண்டைக்கு எழுந்து வருவியே, அப்படி வா."

ஒன்பதாவது சுற்றில் நாத்தனார் அப்படியே வந்தாள். ஒரு வருஷம் அடக்கி வைத்த காலாயிற்றே, பந்து வெள்ளைப் பந்தைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, விளிம்புப் பள்ளத்தில் போய் விழுந்தது. டேப் கைதட்டினாள். இரண்டாவது பந்து தாண்டவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கடைசிச் சுற்றுக்கு வரும்போது பதினைந்துக்குப் பதினைந்து. கடைசிப் பந்து இரண்டும் வெள்ளைப் பந்துக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் கிடந்தன. "டேப் எடுங்க!" என்ற குரல் கேட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நடுவர் மண்டியிட்டு மூன்று தடவை அளந்தார். நகக்கண் அளவு வித்தியாசத்தில் சாம்பியன் அணிக்குக் கோப்பை.

சங்கத் தலைவர் இரண்டாவது பாதி முழுக்கத் தேநீர்க் கூடாரத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பரிசு கொடுக்க மட்டும் வந்து சேர்ந்தார். "இந்த வெற்றிக்கு ஒரே காரணம் இழுவை நடை!" என்று மைக்கில் முழங்கினார். நிரந்தர வேலைக் கடிதத்தைச் சாம்பியன் கையில் கொடுத்தார். மறுகையில் அச்சடித்த கையேட்டைக் கொடுத்தார். அட்டையில் அவளுடைய இடது கால். "முன்னூறு பிரதி! அடுத்த வாரமே எல்லாக் கிளப்புக்கும் போகுது!"

"ரெண்டாவது பாதியில யாரும் காலை இழுக்கவே இல்லையே" என்று டேப் சொன்னாள். அவள் கையில் மைக் இல்லாததால் அது யார் காதிலும் விழவில்லை.

வேலை கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த நாலு பேரும் உயிரே போனாலும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் முன்னூறு பிரதி! ஊரில் நல்ல கால் உள்ளவர்கள் அத்தனை பேரும் இழுக்கப் போகிறார்களே என்று அவளுக்குப் பகீரென்றது. மைக்கை வாங்கினாள்.

"இது நடை இல்லீங்க, நோய்" என்றாள். "என் முட்டி தேஞ்சு போச்சு. வலி தாங்காமத்தான் ஆட்டத்தை விட்டேன். உச்சத்துல விலகினேன்னு சொன்னது பொய். தயவுசெஞ்சு இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீங்க."

தலைவர் கடகடவென்று சிரித்தார். "பாத்தீங்களா அடக்கத்தை! தன் வித்தையைத் தானே நோய்னு சொல்றாங்க! பெரிய மனசுக்காரங்க அப்படித்தான்!" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. போன தடவை பொய்க்கு எழுந்து நின்ற அதே கூட்டம், அதே உற்சாகம். சாம்பியன் "நிஜமாத்தான் சொல்றேன்" என்று இன்னும் இரண்டு தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவைக்கும் கைதட்டல் கூடியது. நிருபர் 'பணிவின் சிகரம்' என்று குறித்துக்கொண்டார். டேப் ஒருத்திதான் கைதட்டாமல் அவள் முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து, "ரொம்ப வலிக்குதா?" என்று மெல்லக் கேட்டாள். "ரொம்ப" என்றாள் சாம்பியன். வாய்விட்டு அதைச் சொன்னதும் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் முட்டியை மாற்றிக்கொண்டாள். நாலு மாத லீவு. சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள், கையேட்டைத் திரும்ப வாங்கச் சொல்லி. மூன்றுக்கும் 'தங்கள் பணிவு எங்களுக்கு வழிகாட்டி' என்று பதில் வந்தது.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, தன் கிளப்புக்குப் போகும் வழியில் பக்கத்துக் கிளப்பில் காரை நிறுத்தச் சொன்னாள். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பன்னிரண்டு பேர் வரிசையாக, கன சிரத்தையோடு, நல்ல இடது காலைப் புல்லில் தேய்த்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "நான் ஒண்ணு போடலாமா?" என்று கேட்டு ஒரு பந்தை வாங்கினாள் சாம்பியன்.

விரிப்பில் ஏறி நின்றாள். இடது காலைத் தூக்கினாள், முன்னால் வைத்தாள், மடக்கினாள். வலியில்லை. நாலைந்து வருஷத்தில் முதல் தடவையாக வலியில்லை. பந்து வளைந்து போய், வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஓரத்தில் நின்ற கணவர் தன்னையறியாமல் "சாம்பியன்!" என்றார், நீட்டாமல்.

பக்கத்தில் கையேட்டோடு நின்றிருந்த நடுவயது வங்கி குமாஸ்தா ஒருவர் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் போட்டீங்கம்மா. ஆனா தப்பு. பதினோராம் பக்கம் பாருங்க. இடது காலை இழுக்கணும். சாம்பியன் அப்படித்தான் போடுவாங்க."

சாம்பியன் அவரையே பார்த்தாள். "உங்களுக்கு முட்டி வலிக்குதா?"

"இல்லியே."

"எனக்கும் இப்ப இல்ல. அந்தப் புஸ்தகத்தைக் கீழ வைங்க. நட்டு வச்ச மாதிரி நிக்காம, வீட்டுல எப்படி நடப்பீங்களோ அப்படி நடந்து போடுங்க."

குமாஸ்தா சந்தேகத்தோடு புத்தகத்தை வைத்தார், நடந்தார், போட்டார். பந்து போய் இரண்டு முழம் தள்ளி நின்றது, நிச்சயமாக அவருடைய முந்தைய பந்துகளைவிட நல்ல இடத்தில். மறுபடி என்று சொல்ல சாம்பியனுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அப்படித்தான்" என்றாள்.

அவர் திருப்தியில்லாமல் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு, "நீங்க யாருங்க சொல்றதுக்கு?" என்று கேட்டார்.